நண்பர் பேர்ல வாங்கி நான் ரைஃபிள் பில்டு பண்ணலாமா மேடம்?

டெக்சாஸ்ல ஆஸ்டின் பக்கத்துல இருந்து ஒரு தம்பி வக்கீலான எனக்கு நீளமா எழுதியிருக்கார். அடையாளம் தெரியற விஷயம் எல்லாத்தையும் எடுத்துட்டு சாராம்சம் மட்டும் சொல்றேன். வயசு 36, சாஃப்ட்வேர் வேலை, ஒன்பது வருஷமா அமெரிக்கால எச்-1பி வேலை விசால இருக்கார், ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடற மனு) அப்ரூவ் ஆகி கிரீன் கார்டு வரிசைல காத்துட்டு இருக்கார், மனைவி எச்-4 (எச்-1பி-காரரோட குடும்பத்துக்கான விசா), பொண்ணு ரெண்டாங்கிளாஸ். போன வருஷம் ஆபீஸ் நண்பர் ஒருத்தர், அவர் அமெரிக்க சிட்டிசன், புறா வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கார். அதுக்காக டெக்சாஸ் ஹன்டிங் லைசென்ஸ் எடுத்துட்டுப் போயிருக்கார். அப்புறம் நவம்பர்ல அதே நண்பரோட ரான்ச்சுல 600 கஜத்துல ஸ்டீல் தகடு சுட்டுப் பார்த்தாராம். "சுட்டு ரெண்டு செகண்டு கழிச்சு 'டங்'னு சத்தம் திரும்பி வந்துச்சு மேடம், அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம் இன்னும் தெளியல"ன்னு எழுதியிருக்கார். இந்த செப்டம்பர்ல ஆன்லைன்ல 100 ரவுண்டு அம்மோ (தோட்டா) ஆர்டர் பண்ணி அலமாரில வெச்சிருக்கார், அக்டோபர்ல மறுபடியும் ரான்ச்சுக்குப் போய் சுட்டிருக்கார்.

இப்போ திட்டம் என்னன்னா, 2000 டாலருக்குள்ள ஒரு லாங் ரேஞ்ச் ரைஃபிள் பில்டு பண்ணணும். ஆக்‌ஷனை (தோட்டாவை உள்ள தள்ளி வெளிய எடுக்கற நடுப்பகுதி) மட்டும் நண்பர் பேர்ல வாங்கிக்கறது, பேரல் (குழல்), ஸ்டாக் (தோள்ல வெச்சுப் பிடிக்கற கட்டை), ட்ரிகர், ஸ்கோப் எல்லாம் இவர் மாசம் ஒண்ணா ஆன்லைன்ல வாங்கறது, நண்பரோட கராஜ்ல சேர்த்து மாட்டறது, அப்புறம் இவர் வீட்ல வெச்சுக்கறது. கேள்விகள்: இது சட்டப்படி சரியா? 80 சதவீதம் முடிச்ச ரிசீவர் (அந்த நடுப்பகுதியோட உடம்பு) கிட் வாங்கி மிச்சத்தை நாமளே முடிச்சா ஃபார்ம் எதுவும் ரொப்ப வேண்டாம்னு சொல்றாங்களே, அது மேலா? டிசம்பர்ல ஊருக்குப் போறப்போ கோயம்புத்தூர்ல ரைஃபிள் கிளப்புல சுடற மச்சினனுக்கு ஒரு ஸ்கோப்பும் பேரலும் எடுத்துட்டுப் போலாமா? சைலன்ஸர் மாட்டலாமா? கடைசில சின்னதா ஒரு வரி: "அம்மோ வாங்கினது வீட்ல இன்னும் சொல்லல."

தம்பி, லெட்டரைப் படிச்சு முடிச்சதும் நான் திரும்பிப் போய்த் தேடினது உங்க பேரல் எத்தனை இன்ச்சுங்கறதை இல்ல, உங்க ஹன்டிங் லைசென்ஸ் எந்தத் தேதில முடியுதுங்கறதைத்தான். நீங்க அதைப் பத்தி ஒரே ஒரு தடவை போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டீங்க. ஆனா உங்க கேஸ்ல எல்லாமே அந்தக் காகிதத்துல தான் தொங்கிட்டு இருக்கு.

டெக்சாஸ்ல ரைஃபிள் வாங்க பர்மிட் வேண்டாம், ரிஜிஸ்டர் பண்ண வேண்டாம், அது உண்மை. அதை வெச்சு "இங்க எல்லாருக்கும் ஃப்ரீ"ன்னு நம்ம ஆளுங்க நினைச்சுக்கறாங்க, அங்க தான் தப்பு. உங்களைக் கட்டுப்படுத்தறது ஸ்டேட் சட்டம் இல்ல, ஃபெடரல் சட்டம். நான்-இமிக்ரன்ட் விசால வந்தவங்க, அதாவது எச்-1பி, எச்-4, எஃப்-1 (மாணவர்), பி-2 (சுற்றுலா) எல்லாரும், துப்பாக்கியோ தோட்டாவோ கைல வெச்சிருக்கவே கூடாதுன்னு ஃபெடரல் சட்டப் பிரிவு 18 யூ.எஸ்.சி. 922(ஜி)(5) சொல்லுது. இதுக்கு சில விதிவிலக்கு உண்டு, அதுல உங்களை மாதிரி ஆளுக்குப் பொருந்தறது ஒண்ணு தான்: அமெரிக்கால முறையா கொடுத்த, காலாவதி ஆகாத ஹன்டிங் லைசென்ஸ் உங்ககிட்ட இருக்கணும். இருந்தா, வேட்டைக்கு மட்டும் இல்ல, ரேஞ்சுல (சுடற பயிற்சி இடத்துல) சுடலாம், கடைல வாங்கலாம், வீட்ல வெச்சுக்கலாம். மீன் பிடிக்கிற லைசென்ஸ் செல்லாது. ஐ-140 அப்ரூவ் ஆனதும் இதுல எதையும் மாத்தல, கிரீன் கார்டு கைக்கு வர்ற வரைக்கும் நீங்க நான்-இமிக்ரன்ட் தான்.

சும்மா ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து சுடறதுல என்ன இருக்குன்னு கேட்டா, ரெஹைஃப் கேஸ் படிங்க. ஃப்ளோரிடால எஃப்-1 விசால படிக்க வந்த பையன், மார்க் குறைஞ்சு யுனிவர்சிட்டில இருந்து எடுத்துட்டாங்க, அப்புறம் ஒரு ரேஞ்சுக்குப் போய் சுட்டான், அவ்ளோதான், ஃபெடரல் கேஸ். 2019-ல சுப்ரீம் கோர்ட் அவன் தண்டனையை ரத்து பண்ணுச்சு, தான் சட்டவிரோதமா தங்கியிருக்கோம்னு அவனுக்குத் தெரியும்னு அரசாங்கம் நிரூபிக்கணும்னு. இதை வெச்சு "சட்டம் எனக்குத் தெரியாதுன்னு சொன்னா தப்பிச்சுக்கலாம்"னு சிலபேர் சொல்றாங்க, இல்லவே இல்ல. தெரியணும்னு கோர்ட் சொன்னது உங்க ஸ்டேட்டஸைப் பத்தி, சட்டத்தைப் பத்தி இல்ல. நீங்க எச்-1பி-ல இருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியாதா என்ன, வருஷா வருஷம் பேப்பர் வேலை பார்க்கறவர் நீங்க!

அந்த அம்மோ பெட்டி

டெக்சாஸ் ஹன்டிங் லைசென்ஸ் நீங்க எந்த மாசம் எடுத்தாலும் ஆகஸ்ட் 31-ஓட முடிஞ்சுடும். உங்க லைசென்ஸ் போன வருஷப் புறா சீசனுக்கு எடுத்தது. அப்போ போன நவம்பர்ல சுட்டது சரி. இந்த செப்டம்பர்ல அம்மோ ஆர்டர் பண்ணினதும் அக்டோபர்ல ரான்ச்சுல சுட்டதும் லைசென்ஸ் செத்துப் போனதுக்கு அப்புறம். ஒரே ஆள், ஒரே ரான்ச்சு, ஒரே நண்பர், ஆனா ஒண்ணு சட்டப்படி, இன்னொண்ணு 15 வருஷம் வரைக்கும் போகக்கூடிய குற்றம். 2022-க்கு முன்னாடி 10 வருஷமா இருந்துச்சு, அந்த வருஷம் வந்த புதுச் சட்டம் 15 ஆக்கிடுச்சு. அதைவிட உங்களுக்கு முக்கியம், இந்தப் பிரிவுல கன்விக்‌ஷன் ஆனா இமிக்ரேஷன் சட்டம் அதை 'அக்ரவேட்டட் ஃபெலனி' (இமிக்ரேஷன்ல ரொம்பக் கடுமையா பார்க்கற குற்றம்) பட்டியல்லயே பேர் சொல்லிப் போட்டிருக்கு. நாடு கடத்தல், கிரீன் கார்டு கனவு க்ளோஸ், ரெண்டும் சேர்ந்து வரும்.

பயமுறுத்தறதுக்காகச் சொல்லல, இதுக்காக நாளைக்கு யாரும் வந்து கதவைத் தட்டப் போறாங்கன்னு நான் நினைக்கல. ஆனா நாளைக்கு கிரீன் கார்டுக்கான ஐ-485 ஃபார்ம் ரொப்பும்போது "கைது ஆகலைன்னாலும் எப்பவாவது ஏதாவது குற்றம் செஞ்சிருக்கீங்களா"ன்னு ஒரு கேள்வி வரும், அப்போ இந்த அக்டோபர் ஞாபகத்துக்கு வரும். அதனால மூணு விஷயம். இன்னைக்கே புது லைசென்ஸ் எடுங்க, ஆறு மாசத்துக்கு மேல டெக்சாஸ்ல இருக்கறவங்களுக்கு 25 டாலர் தான், ஆன்லைன்லயே முடியும். ஹன்டர் எஜுகேஷன் கோர்ஸ் போன வருஷமே முடிச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன், 1971 செப்டம்பர் 2-லயோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்களுக்கு அது கட்டாயம். ரெண்டாவது, புது லைசென்ஸ் இனிமே வர்ற நாளுக்குத் தான் காவல், பழைய செப்டம்பருக்கு முன்தேதி போட்டுக் கொடுக்காது. அதனால கிரிமினல், இமிக்ரேஷன் ரெண்டும் தெரிஞ்ச ஒரு வக்கீலை நேர்ல பாருங்க, அந்தப் பெட்டியை என்ன பண்றதுங்கறதையும் அவர்கிட்டயே கேளுங்க. மூணாவது, ஆர்டர் ஈமெயில், ரான்ச்சு ஃபோட்டோ எதையும் டிலீட் பண்ணாதீங்க, நண்பருக்கு "மச்சி நான் மாட்டிக்கிட்டேன்"னு மெசேஜும் அனுப்பாதீங்க. அழிக்கப் போறது தான் பல பேருக்கு ரெண்டாவது கேஸ் ஆகுது.

நண்பர் பேர்ல வாங்கறது

இது வேண்டவே வேண்டாம். போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு தடவையும் கையால இழுத்து லோடு பண்ற) ரைஃபிள்ல சட்டம் 'துப்பாக்கி'ன்னு பார்க்கறது சீரியல் நம்பர் அடிச்ச ரிசீவரைத் தான், பேரலும் ஸ்டாக்கும் ஸ்கோப்பும் வெறும் பார்ட்ஸ். நீங்க சொன்னதுல அந்த ஒரு பாதி சரி. ஆனா நீங்க நண்பர் பேர்ல வாங்கணும்னு நினைக்கறதே அந்தத் துப்பாக்கியைத் தான். கடைல துப்பாக்கி வாங்கறவங்க ரொப்பற 4473 ஃபார்ம்ல முதல் கேள்விகள்லயே "இதை நிஜமா வாங்கறது நீங்க தானா"ன்னு கேட்பாங்க. உங்க காசு, உங்க ரைஃபிள், அவர் "ஆமா"ன்னு டிக் அடிச்சா அது பொய். 2014-ல அப்ராம்ஸ்கி கேஸ்னு ஒண்ணு, முன்னாள் போலீஸ்காரர், தன் மாமாவுக்காகத் துப்பாக்கி வாங்கினார், மாமாவும் துப்பாக்கி வெச்சுக்கத் தகுதி உள்ளவர் தான், இருந்தாலும் தண்டனை செல்லும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. தகுதி உள்ள மாமாவுக்கே அப்படின்னா லைசென்ஸ் காலாவதி ஆன எச்-1பி நண்பருக்கு வாங்கினா என்ன ஆகும்? 2022 சட்டத்துல ஸ்ட்ரா பர்ச்சேஸ்னு (அடுத்தவங்களுக்காகத் தன் பேர்ல வாங்கறது) தனிக் குற்றமே வந்தாச்சு. தடை உள்ளவர்னு தெரிஞ்சே உங்க கைல துப்பாக்கி கொடுத்தா அது அவருக்கும் 15 வருஷம் வரை. ஆசையா ரான்ச்சுக்குக் கூட்டிட்டுப் போன மனுஷனுக்கு நீங்க செய்யற கைமாறா இது?

80 சதவீத கிட் விஷயமும் இதே கதை. அந்த மாதிரி கிட்டுகளை ஒழுங்குபடுத்தற 2022 விதியை 2025 மார்ச்ல சுப்ரீம் கோர்ட் உறுதி பண்ணிடுச்சு. அதை விடுங்க, உங்க பிரச்சினை ஃபார்ம் ரொப்பறதுல இல்லவே இல்ல. கைல இருக்கறதே குற்றம்னு ஆகும்போது அது கடைல வாங்கினதா கராஜ்ல முடிச்சதாங்கறது ரெண்டாம்பட்சம். லைசென்ஸ் உயிரோட இருந்தா நீங்களே நேர்ல கடைக்குப் போய் உங்க பேர்ல வாங்கலாமே, எதுக்கு இந்தக் குறுக்கு வழி? ஐ-94 (அமெரிக்காவுக்குள்ள வந்ததுக்கான பதிவு) நம்பர், லைசென்ஸ், டெக்சாஸ் அட்ரஸ் ப்ரூஃப் எடுத்துட்டுப் போங்க, "நான்-இமிக்ரன்டா"ங்கற கேள்விக்கு ஆமான்னு போடுங்க, "விதிவிலக்கு உண்டா"ங்கறதுக்கும் ஆமா. பேக்கிரவுண்டு செக் சிட்டிசன்களுக்கு மாதிரி அஞ்சு நிமிஷத்துல முடியாம இழுக்கலாம், சில கடைக்காரங்களுக்கு இந்த விதிவிலக்கே தெரியாம "முடியாது"ன்னும் சொல்லுவாங்க, சண்டை போடாம அடுத்த கடைக்குப் போங்க.

சரி, 2000 டாலருக்கு என்ன பண்ணலாம்

எங்க வீட்டுக்காரர் வாரா வாரம் ரேஞ்சுக்குப் போறவர். அவரோட பில்டு கணக்கு எனக்கு மனப்பாடம், ஏன்னா க்ரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் பார்க்கறது நான். "ஆக்‌ஷன் தான் செலவு, மத்தது சில்லறை"ன்னு தான் ஆரம்பிப்பார். பில்டு பண்ணா மலிவுங்கறது தான் உங்க லெட்டர்ல இருக்கற ரெண்டாவது தப்பு. ரெமிங்டன் 700 அளவுல ஒரு நல்ல ஆக்‌ஷன், அதுக்கு ஒரு ப்ரீஃபிட் பேரல் (முன்கூட்டியே அளவுக்குச் செஞ்சது), சேசிஸ் (உலோக ஸ்டாக்), ட்ரிகர்னு சேர்த்தா உங்க பணம் ஸ்கோப் வாங்கறதுக்கு முன்னாடியே தீர்ந்துடும். ஹெட்ஸ்பேஸ் (உள்ள தோட்டா உட்கார்ற இடத்தோட அளவு) சரியா இருக்கான்னு பார்க்க கேஜ் வேணும், தெரியாதவங்க பண்ணா முகத்துக்கு முன்னாடி வெடிக்கற விஷயம் அது, அப்போ கன்ஸ்மித்துக்கும் காசு.

ரூகர் அமெரிக்கன், சாவேஜ் 110 மாதிரி ஃபேக்டரி ரைஃபிளே ஆயிரம் கஜத்துக்குப் போதும், அதுல தடுக்கறது ரைஃபிள் இல்ல, சுடற ஆள். சாவேஜ் 110 1958-ல இருந்து வருது, பேரல் நட் டிசைன்ங்கறதால பிற்காலத்துல பேரல் மாத்தறதும் மத்ததை விட சுலபம், உங்க பில்டு ஆசையை அப்போ தீர்த்துக்கலாம். 6.5 க்ரீட்மோர்ல எடுங்க, ஹார்னடி 2007-ல இதுக்காகவே கொண்டு வந்த கார்ட்ரிட்ஜ், .308-ங்கற பழைய கார்ட்ரிட்ஜை விட உதையும் கம்மி, காத்துல விலகறதும் கம்மி. ரைஃபிளுக்கு எவ்ளோவோ அதே அளவு ஸ்கோப்புக்கும் மவுண்டுக்கும் ஒதுக்குங்க, ஸ்கோப்புல இருக்கற குமிழைத் திருப்பினா குறி திருப்பின அளவுக்கு நகரணும், திரும்ப ஜீரோவுக்கு வரணும், பளபளப்பு ரெண்டாவது. மிச்சம் அம்மோவுக்கு. மேட்ச் அம்மோ ஒரு ரவுண்டு ஒன்றரை டாலருக்குக் குறைஞ்சு கிடைக்கறது கஷ்டம், ஒரு சனிக்கிழமைக்கு 60 ரவுண்டுன்னா நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அதனால நான் சொல்றது, முதல் வருஷம் ஒரு .22 (சின்னத் தோட்டா) போல்ட் ஆக்‌ஷன்ல ஆரம்பிங்க. 200 கஜத்துல .22 கத்துக் கொடுக்கற காத்துப் பாடத்தைப் பெரிய ரைஃபிள் கத்துக் கொடுக்க ரொம்பப் பணம் கேட்கும். (இது வக்கீல் அறிவுரை இல்ல, வீட்டுக்காரர் பத்து வருஷம் கழிச்சுக் கண்டுபிடிச்சது.)

ஃபேக்டரி ரைஃபிளே வாங்கச் சொல்றதுக்கு வக்கீலாவும் எனக்கு ஒரு காரணம் இருக்கு. எச்-1பி-ல வேலை போனா 60 நாள் வரைக்கும் தான் கிரேஸ். அதுக்குள்ள வேற ஸ்டேட்டஸ் கிடைக்காம நீங்க இங்கயே தங்கிட்டா, அப்போ நீங்க வர்றது மேல சொன்ன 922(ஜி)(5)-ஓட இன்னொரு பகுதில, சட்டவிரோதமா தங்கறவங்கங்கற பகுதில. அந்தப் பகுதிக்கு ஹன்டிங் லைசென்ஸ் விதிவிலக்கே கிடையாது, ரெஹைஃப் மேல கேஸ் வந்தது இதுல தான். லேஆஃப் ஆன வாரத்துல ரெஸ்யூமே, ஸ்கூல், வீட்டு லீஸ்னு ஓடிட்டு இருக்கும்போது ரைஃபிளையும் வித்தாகணும். ஃபேக்டரி சாவேஜ்னா கடைக்காரரே ஒரு விலை போட்டு எடுத்துக்குவார். நீங்க பார்த்துப் பார்த்துச் சேர்த்து மாட்டின கஸ்டம் ரைஃபிளுக்கு, போட்ட பணத்துல பாதி கேட்கற ஆளைத் தேடறதே பெரும்பாடு. கிரீன் கார்டு வரட்டும், அப்புறம் கராஜ்ல உட்கார்ந்து ஆசை தீர பில்டு பண்ணுங்க.

சைலன்ஸர் பத்தியும் கேட்டிருந்தீங்க. 2026 ஜனவரில இருந்து அதுக்கு இருந்த 200 டாலர் வரி இல்ல, ஆனா ரிஜிஸ்ட்ரேஷன் அப்படியே இருக்கு, சட்டப்படி அதுவும் ஒரு 'துப்பாக்கி' தான். இப்போதைக்குக் காது மூடி போதும். பேரல் 16 இன்ச்சுக்குக் கீழ போகாம பார்த்துக்கோங்க, அது வேற தலைவலி.

ஊருக்கு எடுத்துட்டுப் போறது

மச்சினனுக்கு ஸ்கோப் வாங்கிட்டுப் போறது பிரியமான விஷயம் தான், ஆனா ரைஃபிள் ஸ்கோப்புக்கு அமெரிக்காவோட எக்ஸ்போர்ட் கட்டுப்பாடு இருக்கு, பெட்டில போட்டு எடுத்துட்டுப் போறதும் எக்ஸ்போர்ட் தான், நினைச்ச மாதிரி தூக்கிட்டுப் போக முடியாது. பேரல் இன்னும் மோசம். இங்க பேரல் வெறும் பார்ட், இந்தியால 1959 ஆயுதச் சட்டம் 'ஆயுதம்'ங்கற விளக்கத்துலயே ஆயுதத்தோட பாகங்களையும் சேர்த்திருக்கு. லைசென்ஸ் இல்லாம அதை உள்ள கொண்டு வர முடியாது. மச்சினன் நல்லா சுடறவர்னா அவரே சங்கம் வழியா, தகுதிச் சான்றிதழ் வாங்கி, முறையா இறக்குமதிக்கு விண்ணப்பிக்கட்டும், நம்ம ஊர்ல போட்டிக்குச் சுடறவங்க எல்லாம் அப்படித் தான் வாங்கறாங்க.

இதைவிடச் சின்ன விஷயம் ஒண்ணு, ஆனா அடிக்கடி நடக்கறது. ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போற பையை ஊருக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. பக்கவாட்டுப் பாக்கெட்ல ஒரே ஒரு ரவுண்டு மறந்து கிடந்தா போதும், ஏர்போர்ட் ஸ்கேனர்ல அது பளிச்னு தெரியும். தெரிஞ்சு வெச்சிருந்தா தான் குற்றம்னு 1972-லயே குன்வந்த்லால் கேஸ்ல நம்ம சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, ஆனா அதை நீங்க போய் ஸ்டேஷன்லயும் கோர்ட்லயும் சொல்லி முடிக்கறதுக்குள்ள லீவு முடிஞ்சுடும், ரிட்டர்ன் டிக்கெட்டும் போயிடும்.

கடைசியா, வீட்ல சொல்லலைன்னு எழுதினீங்களே. உங்க மனைவி எச்-4, அவங்களுக்கும் இதே தடை தான், அவங்க கைல லைசென்ஸும் இல்ல. சட்டம் 'கைல வெச்சிருக்கறது'ன்னு சொல்றது கைல பிடிச்சிருக்கறதை மட்டும் இல்ல, ஒரு பொருள் இருக்குன்னு தெரிஞ்சு, அது அவங்க கட்டுப்பாட்டுல இருந்தாலும் அதுல வரலாம். நாளைக்கு ரைஃபிள் வாங்கினா பூட்டற சேஃப் வாங்குங்க, நம்பர் உங்களுக்கு மட்டும் தெரியட்டும், இல்ல அவங்களும் கோர்ஸ் முடிச்சு இன்னொரு 25 டாலர் லைசென்ஸ் எடுத்துக்கட்டும். பொண்ணு இருக்கற வீடு வேற, 17 வயசுக்குக் கீழ உள்ள குழந்தை கைக்கு எட்டற மாதிரி சுடத் தயாரா துப்பாக்கி வெச்சா டெக்சாஸ் சட்டப்படியே குற்றம். ஆனா இதெல்லாம் ரைஃபிள் வரும்போது பார்க்க வேண்டியது. அம்மோ பெட்டி இப்பவே அலமாரில இருக்கு, அது அவங்களுக்கும் பாதிப்பு ஆகலாம். வக்கீலுக்கு ஃபோன் போடறதுக்கு முன்னாடி இன்னைக்கு ராத்திரி அவங்களை உட்கார வெச்சுச் சொல்லிடுங்க, முடிஞ்சா வக்கீல் ஆபீசுக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.